ஊமைப்படத்துக்கு ஒரு முகவீணை

2007 ஆகஸ்ட் 30ஆம் தேதி மாலை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரிய திரை ஒன்று கட்டியிருந்தார்கள். இருட்டியதும் அதில் ராஜஸ்தானத்து அரண்மனைகள் தெரிந்தன. யானைகள் அணிவகுத்து நடந்தன. இரண்டு அரசர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பகடை உருட்டினார்கள். லண்டன் சிம்பொனி இசைக்குழு திரையில் நடப்பதைப் பின்தொடர்ந்து அங்கேயே நேரடியாக வாசித்தது. படம் 1929இல் எடுக்கப்பட்ட 'பிரபஞ்ச பாஷ்'. ஆங்கிலத்தில் 'எ த்ரோ ஆஃப் டைஸ்' என்று பெயர். ஜெர்மானியரான பிரான்ஸ் ஓஸ்டன் இயக்கியது, வங்காளியான ஹிமான்ஷு ராய் தயாரித்து நடித்தது. மகாபாரதத்துச் சூதாட்டம்தான் கதைக்கு விதை. பத்தாயிரம் துணை நடிகர்களும் ஆயிரம் குதிரைகளும் படப்பிடிப்புக்கு வந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் பழுது நீக்கிப் புதுப்பித்த அந்தப் பிரதிக்கு நிதின் சாஹ்னி புதிதாக இசை எழுதியிருந்தார்.

அதே சூதாட்டம் காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஊருக்கு ஊர் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. 'சூது துகில்' ஒரு நாள் இரவு, 'கீசக வதம்' இன்னொரு இரவு, கடைசியில் படுகளம். அங்கேயும் ஓர் இசைக்குழு உண்டு. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், அவற்றுக்கு மேலே கூர்மையாக ஒலிக்கும் ஊதுகருவியான முகவீணை. ஆடுபவரின் கால் எங்கே விழுகிறதோ அங்கே இவர்களின் அடி விழும்.

லண்டன் சதுக்கத்தில் நடந்ததையும் கோவில் திடலில் நடப்பதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் நூறாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் சினிமா பார்த்தவர்களுக்கு இந்த ஒற்றுமை விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமாகவே இருந்திருக்காது. அவர்கள் பார்த்த சினிமா, பாதி திரையிலும் பாதி திரைக்குக் கீழேயும் நடந்தது.

'ஊமைப்படம்' என்ற சொல் பேசும் படம் வந்த பிறகுதான் பொருள் பெற்றது. அதுவரை அது வெறும் படம், பயாஸ்கோப், சலனப்படம். 1897 வாக்கில் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் முதல் காட்சிகள் காட்டப்பட்டன. ஆனால் படம் சத்தமில்லாமல் ஓடியது அரிது. ரகுபதி வெங்கையா 1910 வாக்கில் குரோனோமெகாபோன் என்ற கருவியை வரவழைத்தார். கிராமபோன் தட்டையும் படத்தையும் இணைத்து ஓட்டும் பொறி அது. எஸ்பிளனேடில் கூடாரம் அடித்துக் காட்டிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு பர்மாவுக்கும் இலங்கைக்கும் போய்வந்தார். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டு ஊர் ஊராகக் கிளம்பினார். பிறகு 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்த எலெக்ட்ரிக் தியேட்டர், இன்று அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தோடு சேர்ந்த தபால்தலை மையம்.

இந்தக் கொட்டகைகளில் இசை இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று வாசலில். மாட்டு வண்டியில் விளம்பரத் தட்டி கட்டி, பேண்ட் வாத்தியமும் தப்பட்டையும் முழங்க ஊர் சுற்றி வருவார்கள். காட்சி தொடங்கும் வரை வாசலிலும் அதே முழக்கம். மற்றொன்று திரைக்குக் கீழே. ஓர் ஆர்மோனியம், ஒரு தபலா. வசதியான தியேட்டர் என்றால் வயலினும் பியானோவும் சேரும். நாடகக் கம்பெனியில் பின்பாட்டு வாசித்துப் பழகிய கைகள் அவை. சண்டைக்கு ஒரு நடை, சோகத்துக்கு ஒரு ராகம், தேவர் தோன்றினால் ஒரு மங்கள இசை என்று நாடக மேடையின் இலக்கணம் அப்படியே சினிமாவுக்குள் இறங்கியது. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரையில் வரும் வாசகங்களை உரக்கப் படித்துக் கதை சொல்லவும் ஓர் ஆள் இருந்தார். பின்னாளில் வசனத்தின் மீது தமிழ் சினிமா வைத்த மோகத்துக்கு அந்தக் குரலும் ஒரு முன்னோடி என்று கருத இடமிருக்கிறது.

ஆக, ஒரே படம் வேலூரில் ஒரு மாதிரியும் கும்பகோணத்தில் வேறு மாதிரியும் ஒலித்தது. வாசிப்பவர் மாறினால் படம் மாறும். பிலிம் டப்பாவுக்குள் இருந்தது படத்தின் ஒரு பங்குதான்.

சென்னையில் கதைப்படம் எடுத்த முதல் மனிதர் கார் வியாபாரி. வேலூர்க்காரரான ஆர். நடராஜ முதலியார் சைக்கிளில் தொடங்கி அமெரிக்கக் கார்களும் உதிரிபாகங்களும் விற்றுவந்தவர். தாதாசாகேப் பால்கேயின் படங்களைப் பார்த்துத் தாமும் எடுக்க ஆசைப்பட்டார். புனாவில் வேலையாக இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவின் அடிப்படைகளைக் கற்றார். திரும்பி வந்து புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கினார். முதல் படம் 'கீசக வதம்'. 1916 என்பாரும் 1917, 1918 என்பாரும் உண்டு. திரை வாசகங்கள் ஆங்கிலம், தமிழ், இந்தி என மூன்று மொழிகளில் இருந்தன. சென்னை வெயிலில் பிலிம் கழுவ முடியாது என்று பெங்களூரில் ஆய்வுக்கூடம் வைத்து, எடுத்ததை அங்கே அனுப்பிக் கழுவினார்.

அந்தக் கேமராவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மரப்பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. மோட்டார் கிடையாது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 8 சட்டகங்கள் ஓடும். நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 சட்டகங்கள். கை வேகமானால் திரையில் மனிதர் மெதுவாக நடப்பார். கை தளர்ந்தால் ஓடுவார். மனத்துக்குள் ஒரு பாட்டை ஓட்டிக்கொண்டு அந்தக் காலப்பிரமாணத்தில் கையைச் சுழற்றுவது அன்றைய ஒளிப்பதிவாளர்களின் வழக்கம். இசை, படம் எடுக்கும்போதே கைக்குள் வந்துவிடுகிறது.

'கீசக வதம்' சுமார் 6,000 அடி நீளம் என்கிறார்கள். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். நொடிக்கு 16 என்ற வேகத்தில் ஓட்டினால் 6,000 நொடி, அதாவது 100 நிமிடம். பேசும் படத்துக்கு வந்த 24 சட்டக வேகத்தில் அதையே ஓட்டினால் 67 நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய படங்களில் மனிதர்கள் பொம்மைபோல் துள்ளித் துள்ளி ஓடுவதாக நாம் நினைப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அவர்கள் அப்படி நடிக்கவில்லை. தவறான வேகத்தில் காட்டிக் காட்டி ஒரு கலையையே கேலிப்பொருளாக்கிவிட்டோம். புதுப்பித்தல் என்பது கீறலைத் துடைப்பதோடு நிற்பதில்லை. அந்தக் கை எந்த வேகத்தில் சுழன்றது என்று கண்டுபிடிப்பதும் அதில் அடக்கம். வேகம் சரியானால்தான் அதற்கு இசை எழுத முடியும்.

'கீசக வதம்' படத்துக்கு இந்த வேலை எதையும் செய்ய முடியாது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அடுத்து அவர் எடுத்த 'திரௌபதி வஸ்திராபகரணம்' உட்பட எல்லாப் படங்களும் போய்விட்டன. இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. எஞ்சியிருப்பவை 30ஐத் தொடவில்லை என்பதே ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் கணக்கு. அவற்றிலும் பல துண்டு துக்காணிகள். நைட்ரேட் பிலிம் எரியத் தொடங்கினால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதற்குள்ளேயே இருக்கிறது. எரியாதது ஈரத்தில் பிசுபிசுத்துப் பாகாகி, கடைசியில் பொடியாகும். அதற்கும் தப்பியதை வெள்ளிக்காகக் கரைத்தார்கள். பேசும் படம் வந்தபின் ஊமைப்படத்துக்குச் சந்தை மதிப்பு அவ்வளவுதான். 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியானதும் திரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஆர்மோனியக்காரரின் வேலையும் போகத் தொடங்கியது. அந்தக் 'காளிதாஸ்' படத்துக்கே இன்று பிரதி இல்லை.

தென்னிந்தியாவிலிருந்து தப்பிப் பிழைத்த ஊமைக் கதைப்படம் 'மார்த்தாண்ட வர்மா'. அது தப்பிய விதத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

சி. வி. ராமன் பிள்ளை 1891இல் எழுதிய மலையாள நாவலைப் படமாக்கியவர் ஆர். சுந்தர்ராஜ். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே. சி. டேனியலின் உறவினர் இவர். இயக்கியவர் பி. வி. ராவ். தயாரித்த ராஜேஸ்வரி பிலிம்ஸ் இருந்த ஊர் நாகர்கோவில். இன்றைய வரைபடத்தில் பார்த்தால் அது தமிழ்நாட்டுக் கம்பெனி. 1933இல் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் வெளியானது. நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ தங்களைக் கேட்காமல் படம் எடுத்ததாக வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் படத்தைத் தடுத்தது; பிரதி பறிமுதலாகிப் புத்தகக் கடைக்காரர் வசம் போய்ச் சேர்ந்தது. தயாரித்தவர் நொடித்துப் போனார். நாற்பது ஆண்டுகள் அந்த டப்பாக்கள் அங்கேயே கிடந்தன. 1974இல் புனாவிலிருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அவற்றைப் பெற்றது. 1964இல் தொடங்கிய அந்தக் காப்பகத்துக்குப் படம் தேடி நாடெல்லாம் அலைந்த பி. கே. நாயர்தான் பால்கே படங்களின் சிதறிய துண்டுகளையும் ஒன்று சேர்த்தவர்.

ஊரெல்லாம் ஓடிய படங்கள் தேய்ந்து அழிந்தன. வழக்கில் தோற்றுப் பூட்டிவைக்கப்பட்ட படம் பிழைத்தது. படத்தின் நடுவே பத்மநாப சுவாமி கோவில் ஆராட்டு ஊர்வலத்தின் உண்மைக் காட்சிகளும் சேர்ந்திருக்கின்றன. யானையும் படையும் மக்களுமாகப் போகும் அந்த ஊர்வலத்தில் நாயனம் ஊதுகிறவர் ஊதுவது நமக்குக் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டுமென்றால் திரைக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்து ஊத வேண்டும். இதைப் படிப்பவர்களில் யார் வீட்டுப் பரணிலாவது, பழைய கொட்டகையின் மூலையிலாவது துருப்பிடித்த பிலிம் டப்பா இருந்தால், அதைத் தீயின் பக்கம் கொண்டு போகாமல், பழைய இரும்புக்காரரிடம் போடாமல், காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். 'மார்த்தாண்ட வர்மா' கிடைத்தது ஒரு புத்தகக் கடையில்.

இருப்பதைப் புதுப்பித்து இசையோடு காட்டும் பழக்கம் மேல்நாட்டில் வலுப்பெற்றது 1980க்குப் பிறகு. ஆபெல் கான்ஸ் 1927இல் எடுத்த 'நெப்போலியன்' படத்தின் துண்டுகளைப் பள்ளிப் பருவத்திலிருந்தே தேடிச் சேர்த்தவர் கெவின் பிரவுன்லோ. அந்த முழு உருவத்துக்குக் கார்ல் டேவிஸ் இசை எழுதி, 1980 நவம்பரில் லண்டனில் இசைக்குழுவோடு அரங்கேற்றினார்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பழைய படம் என்றால் ஆய்வாளருக்கு மட்டும் என்றிருந்த எண்ணத்தை அந்த ஒரு நாள் மாற்றியது.

ஆனால் இசைக்கும் புதுப்பித்தலுக்கும் உள்ள உறவைக் காட்ட 'மெட்ரோபோலிஸ்' படத்தைவிட நல்ல சான்று கிடையாது. ஃபிரிட்ஸ் லாங் எடுத்து 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியான அந்தப் படத்தைச் சில மாதங்களிலேயே வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெட்டியது எங்கே போனதென்று எண்பது ஆண்டுகள் தெரியவில்லை. 2008இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அய்ரஸில், திரைப்பட அருங்காட்சியகத்தில், ஏறக்குறைய முழுமையான ஒரு 16 மி.மீ. பிரதி கண்டெடுக்கப்பட்டது. மழைபோல் கீறல். எந்தக் காட்சி எதற்கு முன், எவ்வளவு நீளம் என்பதைத் தீர்மானிக்க உதவியது, காட்ஃபிரீட் ஹுப்பெர்ட்ஸ் 1927இல் எழுதிய இசைக் குறிப்பு. அதில் இந்த இடத்தில் இந்தக் காட்சி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் இருந்தன. இசைத் தாளை வைத்துப் படத்தைக் கோத்தார்கள். 2010 பிப்ரவரி 12 அன்று பெர்லினில் இசைக்குழுவோடு திரையிட்டபோது, கடும் குளிரில் பிராண்டன்பர்க் வாயிலருகே திறந்த வெளியில் நின்றும் மக்கள் பார்த்தார்கள்.

படத்தை இழந்தால் இசை அதை நினைவில் வைத்திருக்கும். தமிழ்நாட்டில் அப்படியொரு தாள் இல்லை. நம் கொட்டகை இசைக்காரர்கள் எழுதி வாசித்தவர்கள் இல்லை. ஆனால் கீசகன் வரும்போது என்ன வாசிக்க வேண்டும் என்பது நடராஜ முதலியாருக்கு முன்பும் கூத்துக்காரர்களுக்குத் தெரியும், இன்றும் தெரியும். படம் போனது. அந்தக் கதைக்கான இசை போகவில்லை.

இந்தியப் படம் ஒன்று இந்த முறையில் இந்தியாவுக்கே திரும்பி வந்தது 2017இல். 1928இல் அதே ஓஸ்டன் – ஹிமான்ஷு ராய் கூட்டணி எடுத்த 'ஷிராஸ்', தாஜ்மகால் கட்டப்பட்ட கதையைக் கற்பனையாகச் சொல்வது. குயவர் வீட்டில் வளர்ந்த செலிமா அடிமைச் சந்தையில் விற்கப்பட்டு இளவரசன் குர்ரமின் அரண்மனைக்குப் போகிறாள். அவளைக் காதலித்த ஷிராஸ் பின்னாலேயே போகிறான். மூல நெகட்டிவையும் பிற்காலப் பிரதியையும் ஒப்பிட்டு, பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தார் சட்டகம் சட்டகமாகச் சீர்செய்தார்கள். சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கர் இசை எழுதினார். அக்டோபர் 14 அன்று லண்டன் பார்பிகன் அரங்கில் அவரும் குழுவினரும் திரையின் முன்னே அமர்ந்து வாசித்தார்கள். நவம்பரில் ஐதராபாத், கொல்கத்தா, டெல்லி, மும்பை என நான்கு ஊர்களுக்கு வந்தார்கள். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தக் குறையைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஏனென்றால் அதே 2017 அக்டோபரில் திரைப்படப் பாரம்பரிய அறக்கட்டளை நடத்திய பழம்பட மீட்புப் பயிற்சிப் பட்டறை சென்னை பிரசாத் வளாகத்தில்தான் நடந்தது. உலகெங்குமிருந்து வந்த பழைய படங்களைச் சென்னையின் பிரசாத் கூடங்களில் இளைஞர்கள் கணினி முன் உட்கார்ந்து சட்டகம் சட்டகமாகத் தூசு நீக்கியிருக்கிறார்கள். 2022இல் கான் விழாவில் காட்டப்பட்ட, மலையாள இயக்குநர் அரவிந்தனின் 'தம்பு' படத்தின் மீட்பு வேலையில் பெரும்பகுதி அங்கே நடந்தது. அதே ஆண்டு, 2,200 படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் ஒதுக்குவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. மீட்கும் கைகள் இங்கே இருக்கின்றன. மீட்டதை உயிருள்ள இசையோடு பத்துப் பேருக்கு நடுவே காட்டும் பழக்கம்தான் இல்லை.

நேரடி இசை எப்படி நடக்கிறது? இரண்டு வழி. பெரிய இசைக்குழு என்றால் நடத்துநர் முன்னால் சிறு திரை ஒன்று இருக்கும். அதில் படத்தோடு நேரக்கணக்கும் ஓடும். இசைத் தாளில் ஒவ்வொரு திரை வாசகமும், கதவு திறப்பதும், வாள் விழுவதும் எந்த இடத்தில் வருகிறதென்று குறித்திருப்பார்கள். சில குழுக்கள் தாளக் கட்டை ஒலியைக் காதில் கேட்டபடி வாசிக்கின்றன. சிறிய குழுவோ கண்ணால் பார்த்தே வாசிக்கும். காட்சி நீண்டால் ஒரு சொற்கட்டைத் திருப்பித் திருப்பிச் சுழற்றிக்கொண்டு, வாசகம் தோன்றிய நொடியில் அடுத்ததற்குத் தாவும். 'ஷிராஸ்' படத்தில் நாயகனை யானைக் காலில் இட்டு மிதிக்கத் தண்டனை விதிக்கும் கட்டம் ஒன்று உண்டு. கட்டிப்போட்ட மனிதன், மேலே தூக்கிய கால், செய்தி கொண்டுவர விரையும் ஆட்கள். இங்கே முரசு அடிப்பது எளிது. எந்த நொடியில் எல்லாக் கருவியும் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் இசையமைப்பாளரின் திறமை தெரியும்.

புதிய இசை பலமுறை படத்தை விழுங்கிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நூறு பேர் வாசிக்கும்போது கண் திரையைவிட்டு வயலின் வரிசைக்குப் போய்விடுகிறது. கச்சேரிக்குப் படம் பின்னணியாகிறது. தமிழ்ப் பார்வையாளருக்கு இந்த ஆபத்து கூடுதல்; பாட்டுக்காகவே படம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சிங்கீதம் சீனிவாச ராவ் 1987இல் எடுத்த 'பேசும் படம்' ஒரு வசனமும் இல்லாமல் ஓடியது. எல். வைத்தியநாதனின் இசை அதில் எங்கே ஒதுங்கி நிற்கிறது என்று கவனித்தால் பாடம் கிடைக்கும். நாலைந்து பேர் கொண்ட குழுவே ஊமைப்படத்துக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையின் கருத்து. கொட்டகை நாளில் இருந்ததும் அதுதான்.

கூத்து மேளமும் நாலைந்து பேர்தான்.

கூத்தில் வேடக்காரர் உடனே முகம் காட்ட மாட்டார். இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று பாடுவார். கிரீடம் மட்டும் மேலே தெரியும். சலங்கை கீழே கேட்கும். அதற்கும் பெயர் திரைதான். துணி விலகும் நொடியை முகவீணைக்காரர் கண்ணிமைக்காமல் காத்திருந்து பிடிக்கிறார். படத்துக்கு நேரடியாக வாசிப்பவருக்கு வேண்டிய அதே கவனம். ஒரு வித்தியாசம் உண்டு, அது சிறியதல்ல. வேடக்காரர் மேளத்தைத் திரும்பிப் பார்ப்பார், இன்னொரு சுற்று வேண்டுமென்றால் காத்திருப்பார். படம் யாருக்காகவும் நிற்காது. அதற்காகப் பத்துப் பதினைந்து நாள் உட்கார்ந்து படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒத்திகை செய்ய வேண்டியிருக்கும். 1990இல் தொடங்கி, காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்கிவந்த கட்டைக்கூத்துச் சங்கமும், செய்யாறு பக்கத்துப் புரிசையில் தலைமுறையாய்க் கூத்து நடத்தும் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையும் புதிய நாடகங்களைப் பயின்று அரங்கேற்றியவர்கள். இது அவர்களுக்கு எட்டாத வேலை இல்லை.

அவர்கள் ஊமைப்படத்துக்கு வாசிக்க ஏற்ற இடமும் பக்கத்திலேயே இருக்கிறது: ஶ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடிவந்ததிலிருந்து, 2010இல் ரெனோ – நிசான், 2013இல் ராயல் என்ஃபீல்டு எனத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்த வட்டாரம். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்க, அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள், அவ்வளவு பேரும் ஏறுகிறார்கள். 'மெட்ரோபோலிஸ்' படம் தொடங்குவது இப்படியொரு ஷிப்ட் மாற்றத்தில்தான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். தமிழ்நாட்டின் தென்கோடி மாவட்டங்களிலிருந்தும் வந்திருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் வந்திருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு மொழிப் படம். பக்கத்து அறையில் இருப்பவரோடு சேர்ந்து பார்க்க ஒரு படம் இல்லை.

வசனமில்லாத படம் இவர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் நடராஜ முதலியார் மூன்று மொழிகளில் வாசகம் வைத்ததும் இதே காரணத்துக்காக இருக்கலாம்: கொட்டகைக்குள் பல மொழிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சூதில் நாட்டைத் தோற்ற அரசனின் கதை ஒடியாவிலும் இருக்கிறது, அசாமியிலும் இருக்கிறது. திரை வாசகத்தைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிக் காட்டினால் போதும். கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களை லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்தப் பணிகளின் பட்டியலில் கலையும் பாரம்பரியமும் எழுத்து மூலமாகவே இடம்பெற்றிருக்கின்றன.

'பிரபஞ்ச பாஷ்' படத்தின் புதுப்பித்த பிரதி பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்திடம் தயாராக இருக்கிறது. 'மார்த்தாண்ட வர்மா' புனாவில் இருக்கிறது. முகவீணைக்காரர்கள் ஒரகடத்துக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். மாவட்ட நிர்வாகமும், கலை பண்பாட்டுத் துறையும், சிப்காட்டும், அங்கே தொழில் நடத்தும் ஏதேனும் ஒரு நிறுவனமும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை இரவுக்கு வல்லம் வடகாலில் ஒரு திடலை ஒதுக்க வேண்டும். முதலில் 'பிரபஞ்ச பாஷ்' என்ற ஒரு படம், ஒரு திரை, நாலு வாத்தியக்காரர்கள். பங்குனியில் பாரதம் தொடங்குவதற்கு முன் ஒத்திகையை ஆரம்பித்துவிடலாம். அதன் பிறகு ஆடி வரை கூத்துக்காரர்களுக்கு ஓர் இரவும் ஓய்விருக்காது.